மலைச் சதுப்பும் கடைமடை வெள்ளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் சந்தித்ததும் முதலில் கேட்பது, "உங்க பக்கம் தண்ணி வடிஞ்சுதா?" என்பதுதான். நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடைக்காரன், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர். நட்ட பயிர் நாலைந்து நாள் மூழ்கிக் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தவன். கொஞ்ச காலமாக ஒரு பேச்சு காதில் விழுகிறது. மலைமேல் 'பீட்' என்றொரு மண் இருக்கிறதாம். மழையைப் பஞ்சு மாதிரி குடித்துக்கொள்ளுமாம். அதைக் காப்பாற்றிவிட்டால் டெல்டாவில் வெள்ளமே வராதாம். இதில் பாதி உண்மை. மற்றப் பாதியை நம்பிச் சும்மா இருந்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். வரப்பிலும் டீக்கடையிலும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

பீட் என்பது நர்சரியில் விற்கிற கோகோ பீட்தானா?

அது வேறு, இது வேறு. கோகோ பீட் தேங்காய் மட்டையின் நார்க்கழிவு. பீட் என்பது தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும் பள்ளங்களில் உருவாகிற மண். அங்கே செத்து விழும் புல்லும் பாசியும் வேரும் காற்றுப் படாததால் முழுதாக மக்காது. பாதி மக்கியபடியே அடுக்கடுக்காகச் சேரும். பாடப்புத்தகங்களில் 'முற்றா நிலக்கரி' என்று படித்திருப்பீர்கள். வருடத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் சேரும் என்பதால் ஒரு முழ ஆழம் சேர நானூறு, ஐந்நூறு வருடம் ஆகிவிடும். ஈரமான பீட்டை எடை போட்டால் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். உலக நிலப்பரப்பில் இது ஏறக்குறைய 3 சதவீதமே இருந்தாலும், மண்ணுக்குள் இருக்கும் கரிமத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இதற்குள்தான் அடைந்து கிடக்கிறது.

நம் டெல்டாவில் பீட் நிலம் உண்டா?

சொல்லும்படியான பரப்பில் இல்லை. நம்முடையது காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலும் களியும். கடலோரம் போனால் மணலும் உவர்மண்ணும். முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் கோடியக்கரைச் சதுப்பும் உப்புநீர்ச் சதுப்புகள், அவற்றின் வேலை வேறு.

ஆனால் காலடிக்குக் கீழே வெகு ஆழத்தில் பழைய பீட் உண்டு. நெய்வேலியிலும் மன்னார்குடிப் பக்கத்திலும் புதைந்திருக்கும் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த சதுப்புக் காட்டின் பீட் மண்ணுக்குள் அழுந்தி ஆனதுதான். 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு என மூன்று பகுதிகள் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கப்பட்டது நினைவிருக்கும். அன்று டெல்டா முழுக்கப் பேசியது அந்தப் பழைய சதுப்பைப் பற்றித்தான்.

அப்படியானால் காவிரிக்கும் பீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பவானி வழியாகச் சம்பந்தம். நீலகிரியின் மேட்டுநிலத்தில், இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக்கு மேலே, புல்வெளிக் குன்றுகளுக்கு நடுவே சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கின்றன. அவற்றில்தான் பீட் கிடக்கிறது. ஊட்டியை ஒட்டிய சாண்டிநல்லா அப்படிப்பட்ட இடம். அங்குள்ள ஓடை காமராஜ் சாகர் அணைக்கு வருகிறது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் மோயாற்றில் இறங்கி, பவானிசாகரில் பவானியோடு கலந்து, கூடுதுறையில் காவிரியைச் சேர்கிறது. கூடுதுறை மேட்டூருக்குக் கீழே இருப்பதால், மேட்டூர் திறப்பு இத்தனை கன அடி என்று செய்தியில் சொல்லும் கணக்கில் இந்தத் தண்ணீர் இருக்காது.

இந்த மண்ணுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1993இல் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரி பீட்டை அடுக்கடுக்காக எடுத்து ஆராய்ந்து, இருபதாயிரம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் மழை எப்போது கூடியது, எப்போது குறைந்தது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். நம் பருவமழையின் பழைய கணக்குப் புத்தகம் அந்தப் பள்ளங்களில்தான் இருக்கிறது. தோடர்கள் தங்கள் கோயில்களுக்கு வேயும் புல்லும் அந்தச் சதுப்புகளில் வளர்வதுதான்.

பீட் மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வெள்ளத்தைத் தடுக்கும் என்கிறார்களே, உண்மையா?

இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

வீட்டில் ஒரு வாளியில் காய்ந்த கோகோ பீட் கட்டியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். குடித்துக்கொண்டே உப்பும். நன்றாக ஊறிய பிறகு இன்னொரு செம்பு ஊற்றுங்கள், அப்படியே மேலாக வழிந்துவிடும். நல்ல நிலையில் இருக்கும் பீட் நிலம் ஆண்டில் பெரும்பாலான நாள் அந்த இரண்டாம் நிலையில்தான் இருக்கிறது. நீர்மட்டம் தரையிலிருந்து ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே நிற்கும். அப்படி நின்றால்தான் பீட் பீட்டாகவே இருக்க முடியும். காய்ந்தால் மக்கிப்போகும். ஆகவே புதிதாகப் பெய்யும் மழைக்கு உள்ளே இருக்கும் காலியிடம் குறைவு. கொஞ்சம் பெய்ததும் நிறைந்துவிடும், அதற்கு மேல் பெய்வது தரைமேல் ஓடும். ஆழத்தில் இருக்கும் பீட் வழியாகத் தண்ணீர் மிக மிக மெதுவாகத்தான் நகரும் என்பதால் அந்த வழியும் உடனடி உதவிக்கு வராது. பீட் மலைகளில் பிறக்கும் ஓடைகள் மழை பெய்ததும் சட்டென்று ஏறி, மழை விட்டதும் சட்டென்று இறங்குவது இதனால்தான். குளிர்நாடுகளில் ஓடை ஓடையாக அளந்து பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இது.

அப்படியென்றால் பீட்டால் பயனில்லையா? பயன் உண்டு, அது வேறு இடத்தில் இருக்கிறது. பீட்டின் மேலே மெத்தை மாதிரி பாசியும் கொத்துக் கொத்தான புல்லும், நடுநடுவே சின்னக் குழிகளும் இருக்கும். தரைமேல் ஓடும் தண்ணீர் அவற்றில் முட்டி முட்டித்தான் ஓடைக்குப் போக வேண்டும். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் ஹோல்டன் குழுவினர் இதை அளந்து, பாசி மூடிய பீட்டின் மேல் தண்ணீர் போகும் வேகம், மொட்டையாகக் கிடக்கும் பீட்டின் மேல் போவதைவிட வெகுவாகக் குறைவு என்று 2008இல் காட்டினார்கள்.

திருவாரூர்த் தேர் நிலைக்கு வந்ததும் கூட்டம் கலைவதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் சந்தில் மூச்சு முட்டும். பாதிப் பேர் கடைத்தெருவில் நின்று நின்று போனால் அதே கூட்டம் நெரிசல் இல்லாமல் கலைந்துவிடும். ஆளின் எண்ணிக்கை குறையவில்லை, வந்து சேரும் நேரம்தான் பரவலானது. பீட் செய்வதும் அதேதான். மொத்தத் தண்ணீரை அது குறைப்பது கொஞ்சம்தான். ஓடையின் உச்ச ஓட்டத்தைத் தணித்து, வந்து சேரும் நேரத்தைத் தள்ளிப்போடும். சிறு மழைக்கும் நடுத்தர மழைக்கும் இது நன்றாக வேலை செய்யும். நாள் கணக்கில் கொட்டும் அடைமழைக்கு முன்னால் அந்த உதவி சுருங்கிவிடும்.

கோடையில் ஆற்றுக்கு நீர் கொடுக்குமா?

கொடுக்கும், நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஆழத்துப் பீட் நீரை எளிதில் விடாது. கோடையில் மலையோடை வற்றாமல் இருப்பதற்குப் பீட் பள்ளத்தைச் சுற்றியுள்ள புல்வெளிச் சரிவும் சோலைக்காடும் அவற்றின் ஆழமான மண்ணும் சேர்ந்து காரணம். பள்ளத்தை மட்டும் வேலி போட்டுக் காத்து, சரிவைக் கெடுத்துவிட்டால் பலன் இருக்காது.

பீட்டில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால் காலியிடம் கிடைக்குமே? அடுத்த மழையைக் குடிக்குமே?

நல்ல கேள்வி. என் மாமா ஒருவர் இதையே கேட்டார். தர்க்கப்படி சரிதான், முதல் சில மழைக்கு அப்படி நடக்கவும் கூடும். ஆனால் வெட்டிய வாய்க்காலே மழைநீரைப் பாசியில் முட்டவிடாமல் நேராக ஓடைக்குக் கொண்டுபோய்விடும். இந்த இரண்டில் எது மேலோங்கும் என்பது சரிவையும் வாய்க்கால்களின் நெருக்கத்தையும் பொறுத்தது. காலம் போகப்போக நிலை இன்னும் கெடும். காய்ந்த பீட் காற்றுப் பட்டு மக்கிக் கரியமில வாயுவாகப் போய்விடும், நிலம் தாழும், வெடிக்கும், மேலே இருக்கும் பாசி செத்து மண் மொட்டையாகும், ஓடைகள் அறுத்துக்கொண்டு ஆழமாகும்.

பிரிட்டனில் 1960களிலும் 70களிலும் அரசே மானியம் கொடுத்து மலைப் பீட்டில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வாய்க்கால் வெட்ட வைத்தது. இப்போது அதே வாய்க்கால்களைச் செலவு செய்து அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பீக் மாவட்டத்தில் மொட்டையாகிப்போன பீட்டில் புல்லும் பாசியும் திரும்ப வளர்த்து, தண்ணீர் அறுத்த பள்ளங்களில் சின்னச் சின்னத் தடுப்புகள் கட்டியதில், ஓடையில் வெள்ள உச்சம் தணிந்து தாமதமானதை அளந்திருக்கிறார்கள்.

சதுப்பை வயலாக்கியவர்கள்தானே நாம்? பீட்டிலும் நெல் போடலாமே?

இந்தோனேசியா முயன்றது. 1990களின் நடுவில், சுகார்த்தோ ஆட்சியில், மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் பீட் காட்டை நெல்வயலாக்கப் பெரிய பெரிய கால்வாய்கள் வெட்டினார்கள். நம் கால்வாய் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும். அந்தக் கால்வாய்கள் பீட்டிலிருந்த தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளின. புளிப்பு ஏறிய மண்ணில் நெல் விளையவில்லை. 1997 வறட்சியில் காய்ந்த பீட் தீப்பிடித்து மண்ணுக்கு அடியிலேயே மாதக்கணக்கில் புகைந்தது, 2015இலும் பெருந்தீ வந்தது. நெல் தெரிந்த சனங்களை அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. உழைப்பில் குறையில்லை, மண்தான் வேறு. பக்கத்தில் கேரளத்துக் குட்டநாட்டில் 'கரி' நிலம் என்று சொல்லும் கறுப்பு மண்ணிலும் நெல் போடுகிறார்கள். அங்கும் புளிப்போடுதான் ஓயாத போராட்டம்.

நீலகிரியில் என்ன கெட்டுப்போயிற்று?

புல்வெளி போய்விட்டது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சீகை மரமும் தைல மரமும் நட்டு நட்டு, புல் இருந்த சரிவுகள் மரத்தோப்பாயின. பள்ளத்துச் சதுப்புகள் பல காய்கறித் தோட்டமாயின. கிளென்மார்கன் என்ற இடத்தில் மத்திய மண்வள நீர்வளப் பாதுகாப்பு நிறுவனம் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பல ஆண்டு அளந்தது. ஒன்று புல்வெளி, இன்னொன்றில் தைல மரம். மரம் நட்ட நீர்ப்பிடிப்பில் ஓடைக்கு வந்த நீர், மரத்தை நட்டு வெட்டும் முதல் சுற்றிலேயே ஏறக்குறைய 16 சதவீதம் குறைந்தது. கோடையில் மேலேயிருந்து நம் பங்கு இளைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கோத்தகிரி லாங்வுட் சோலைக்கு 2024 சனவரியில், ஈரநிலங்களுக்கான சர்வதேச அங்கீகாரமான ராம்சர் தகுதி கிடைத்தபோது நான் சந்தோஷப்பட்டேன். அந்த மலையில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு சதுப்புப் பள்ளத்துக்கும் அந்த மாதிரிக் காவல் வேண்டும்.

நீலகிரிப் பீட்டைக் காத்தால் சீர்காழியில் வெள்ளம் குறையுமா?

குறையாது. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

காவிரி வடிநிலம் 81,155 சதுர கிலோமீட்டர். அதில் நீலகிரிப் பீட் பள்ளங்கள் கோலத்தில் வைத்த புள்ளி மாதிரி. நமக்கு வரும் வெள்ளம் இரண்டு வகை. ஆடி, ஆவணியில் மேலேயிருந்து வருவது குடகிலும் வயநாட்டிலும் பெய்த தென்மேற்குப் பருவமழை. 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையில் ஷட்டர்கள் இடிந்தது அப்படிப்பட்ட வெள்ளத்தில்தான். அதைக் கொள்ளிடம் தாங்கிக் கடலுக்குக் கொண்டுபோகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வருவது நம் தலைமேலேயே பெய்யும் வடகிழக்குப் பருவமழை. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தத் தண்ணீர் எந்த மலையிலிருந்தும் வரவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கரில் 44 சென்டிமீட்டர் மழை என்பது சுமார் 17.8 லட்சம் லிட்டர். வினாடிக்கு ஒரு கன அடி ஓடும் வாய்க்கால் அந்த ஓர் ஏக்கரை வடிக்கவே பதினேழரை மணி நேரம் ஆகும். ஒரு சின்ன வடிகாலை நம்பி எத்தனை நூறு ஏக்கர் இருக்கிறது என்று உங்கள் ஊரில் எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் பீட்டைப் பற்றி நாம் தெரிந்துகொண்டு என்ன பயன்?

கார்த்திகை மாதத்து டெல்டா வயல், ஊறிய பீட் நிலத்துக்குச் சமம் என்பதுதான் பயன். சித்திரையில் நம் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கோடை மழை பெய்தால் வெடிப்பு வழியாக உள்ளே இறங்கிவிடும், வாய்க்காலில் ஒரு சொட்டு ஓடாது. சம்பா நட்டு இரண்டு மாதம் ஆனால் களி உப்பி வெடிப்பெல்லாம் மூடி, மண் முழுக்க நீர் நிறைந்திருக்கும். அதன்மேல் பெய்யும் மழை அத்தனையும் மேலேயே நிற்கும். ஒரே வயல்தான், ஒரே 10 சென்டிமீட்டர் மழைதான். சித்திரையில் வெள்ளமில்லை, கார்த்திகையில் வெள்ளம். எந்த நிலமானாலும் மழைக்கு முந்தின நாள் அதற்குள் எவ்வளவு காலியிடம் இருந்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

டெல்டாவுக்கு என்று பஞ்சு எதுவும் இல்லையா?

குளம், குட்டை, ஊர் ஏரி, வயல் வரப்பு. வரப்புக்கு உள்ளே 15 சென்டிமீட்டர் கூடுதலாக நிறுத்தினால் ஏக்கருக்கு ஆறு லட்சம் லிட்டர் தங்கும். சப்பானில் நீகாதா பகுதியில் 2002இல் ஆரம்பித்து இதை ஒரு முறையாகவே செய்கிறார்கள். வயலின் வடிமடையில் சின்னத் துளையிட்ட பலகையை வைத்து, கனமழையில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் வெளியேறும்படி விடுகிறார்கள். கீழே இருக்கும் ஊர் தப்பிக்கிறது.

நம் இடத்தில் அதை அப்படியே செய்ய முடியாது. நட்டுப் பத்து நாளான நாற்றின் மேல் ஒரு சாண் தண்ணீர் நின்றால் நாற்றே தெரியாது. மூழ்கலைத் தாங்க வந்த சி.ஆர்.1009 சப் 1 மாதிரி ரகம் இரண்டு வாரம் வரை பொறுக்கும் என்றாலும் எல்லோரும் அதையே போடுவதில்லை. ஆற்றுத் தண்ணீர் முதலில் பாயும் தலைப்புப் பக்கத்தில், பயிர் உயர்ந்துவிட்ட வயல்களில் இரண்டு நாள் நிறுத்திக்கொடுத்தால் கடைமடைக்குப் பெரிய உபகாரம். இதை நான் தஞ்சாவூர்ப் பக்கத்து உறவுக்காரர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டே கேட்பேன்.

செடிகொடி தண்ணீரின் வேகத்தைக் குறைப்பது மலையில் நல்லதென்றால், வடிகாலில் ஆகாயத்தாமரை இருப்பதும் நல்லதுதானே?

மலையில் நல்லதாக இருப்பது கடைமடையில் கேடு. மேலே சரிவு அதிகம், தண்ணீர் ஓடத் துடிக்கும், அதைத் தாமதிக்க வைப்பதுதான் உதவி. இங்கே சரிவே இல்லை, தண்ணீர் நகரவே தயங்கும். ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டால் வடிகால் நீளமான குளமாகிவிடும். மலையோடையில் பாசி, கடைமடை வடிகாலில் சுத்தம், இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம்.

ஒரு வருடம் எங்கள் ஊர் வடிகாலில் தாமரையை அகற்றச் சொல்லி மனு மேல் மனு கொடுத்தும் ஆள் வரவில்லை. மழை வந்து பயிர் முழுகிய பிறகு, ஊர் இளைஞர்களே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அரிவாளால் வெட்டி இழுத்தார்கள். அன்று சாயங்காலமே மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்கியது. அந்த ஒரு நாளை முன்னாலேயே செய்திருந்தால் என்று இன்றும் நினைப்பேன்.

எல்லாவற்றையும் தூர்வாரி ஆழமாக்கிவிட்டால் தீர்ந்துவிடுமா?

பாதிதான் தீரும். இங்கிலாந்தில் சாமர்செட் என்று ஒரு தாழ்நிலம் இருக்கிறது. பீட்டும் களியும் கலந்த மண், கடலை ஒட்டிய மட்டம், ஏற்றவற்றத்துக்கு அடங்கிய ஆறுகள். நம் கடைமடையின் தூரத்துச் சொந்தம் மாதிரி. 2013–14 குளிர்காலத்தில் அங்கே வாரக்கணக்கில் வெள்ளம் நின்றது. சனங்கள் கேட்டதும் நாம் கேட்பதுதான்: தூர்வாருங்கள். 2014இல் பாரெட், டோன் ஆறுகளில் எட்டுக் கிலோமீட்டர் வாரினார்கள். வாரினால் வெள்ளம் சீக்கிரம் வடியும், வராமல் போகாது. கடல் ஏறி நிற்கும் நேரத்தில் ஆறு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் தண்ணீர் வெளியே போகாது.

நம் ஊரில் 'கடல் உள்வாங்கல' என்று சொல்வது இதைத்தான். அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு இவற்றையெல்லாம் சீரமைக்க ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வெண்ணாற்றுத் திட்டம் 2016இல் ஒப்புதல் பெற்றது. கரை உயர்வும் ரெகுலேட்டரும் வேண்டியவைதான். ஆனால் கழிமுகத்தை அளவுக்கு மீறி ஆழமாக்கினால் கோடையில் உப்புநீர் அதே வழியாக உள்ளே ஏறும். வாரும் ஆழத்தை அளந்து முடிவு செய்ய வேண்டும்.

மழைக்கு முன் எங்கள் ஊரில் எதைப் பார்க்க வேண்டும்?

புரட்டாசி முடிவதற்குள் வடிகாலில் ஒரு நடை நடந்து பாருங்கள். ரோட்டுக்கு அடியில் போகும் குழாய் மண் மூடியிருக்கிறதா, ரெகுலேட்டர் ஷட்டர் ஏறி இறங்குகிறதா, எந்த இடத்தில் வடிகாலைச் சுருக்கி மனைபோட்டிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் குளத்தை விளிம்பு வரை வைத்திருக்காமல் ஒரு முழம் இறக்கி வையுங்கள். பாசனத் தலைப்பை முந்தின நாளே அடைக்கச் சொல்லுங்கள், பல வருடம் இந்த ஒன்றை மறந்துதான் மழைத் தண்ணீரோடு ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து நிற்கிறது. கடலோரத்து ஊர் என்றால் ஏற்றம், வற்றம் எப்போது என்று மீனவர்களைக் கேளுங்கள், அவர்களுக்கு அது மனப்பாடம். கடல் வற்றும் அந்தச் சில மணி நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும், அது நடுராத்திரியாக இருந்தாலும்.